ரத்னாபாயின் பச்சைச் சேலை

சினிமா ஊமையாயிருந்த காலம். வண்ணம் வேண்டுமென்றால் படச்சுருளின் ஒவ்வொரு கட்டத்திலும் தூரிகையால் சாயம் தீட்டவேண்டும். கம்பெனி முதலாளி பூவராகன், காணாமற்போன நடிகை ரத்னாபாயின் கடைசிச் சுருளைச் சாயக்காரி கோதையிடம் நீட்டினார். ஆளில்லாத அருவிக்கரையில் அதைத் தனியே படம்பிடித்தவன் கோதையின் அண்ணன் வீரணன். நடிகையைக் கொன்றவன் அவனே என்று சிறையில் அடைத்திருந்தார்கள். முதலாளியோ அன்று கல்கத்தாவில் இருந்ததாகச் சாட்சி சொல்லியிருந்தார்.

"அவள் உயிரோடு வந்து நிற்கவேண்டும். இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலையில்லை."

"வருவாள், முதலாளி. வந்து பேசவும் வைப்பாள்."

வெள்ளோட்டக் காட்சிக்கு, பெருமை காட்ட, இன்ஸ்பெக்டரையும் அழைத்திருந்தார் முதலாளி. கோதை ஓரமாக நின்றிருந்தாள். விளக்கு அணைந்தது. திரையில் ரத்னாபாய் நடந்து வந்தாள். சேலைக்குத் தீட்டிய பச்சை அவள் உடலில் ஒட்டாமல், மூச்சு விடுவதுபோல் விம்மி விம்மி அடங்கியது. சட்டென்று திரும்பி முதலாளியைப் பார்த்தாள்.

"பச்சையா? அடி முட்டாளே, அன்று அவள் கட்டியிருந்தது அரக்குச் சிவப்பு!"

"இந்தச் சுருளில் சிவப்பும் பச்சையும் ஒரே கறுப்புத்தானே, முதலாளி! கல்கத்தாவிலிருந்து எப்படிப் பார்த்தீர்கள்?"

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார். "சிவப்பென்று வீரணன் என்னிடம் மட்டும்தான் சொன்னான்."

வீரணன் வெளியே வந்தான். பூவராகன் உள்ளே போனார். அன்று சுருள் தீரும்வரை ரத்னாபாய் அவரைவிட்டுப் பார்வையை எடுக்கவேயில்லை.