புட்டும் பட்டும்

“அந்தம்மாவுக்கு இங்கிலீஷே வரல, மேடம். என்னை லண்டன் லைனுக்கு மாத்திருங்க.”

சொன்னவர் சகாயராஜ். நாகர்கோவில்காரர், வயது நாற்பத்தாறு. சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை; சேர்ந்து இரண்டு நாள்தான். இங்கிலாந்தின் வடக்கே ஓடும் பஸ்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் போனில் கேட்பார்கள், இவர் பதில் சொல்வார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் நபீஸா. அங்கே உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பவள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

“என்ன கேட்டாங்க?”

“புஸ் எப்ப வரும்னு கேட்டாங்க. புஸ்ஸாம்! வெள்ளைக்காரி, பஸ்னு சொல்லத் தெரியல.”

நபீஸா சிரிக்கவில்லை. ஒரு தாளில் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதினாள். ‘வை’ என்பதற்கு ஒன்று. அதன் கீழே, ‘ஆனால்’ என்பதற்கு ஒன்று.

“வாசிங்க சார்.”

“புட். பட்.”

“முதல் எழுத்து மட்டும்தானே வேற. நடுவுல ரெண்டுலயும் அதே யு. ஏன் சத்தம் மாறுது?”

“அது அப்படித்தான்.”

“சின்ன வயசுலயே அப்படித்தான் வாசிச்சீங்களா?”

சகாயராஜ் தாளைத் தள்ளி வைத்தார்.

“இல்ல” என்றார். “அஞ்சாங்கிளாஸ்ல ரெண்டையும் புட்னு வாசிச்சேன். டீச்சரே சிரிச்சுட்டாங்க. பத்தாங்கிளாஸ் முடியுற வரைக்கும் என் பேரு புட்டு. அப்புறம் நான் எந்திரிச்சு எதையும் வாசிச்சதில்ல.”

“அந்தம்மா ஊர்ல ரெண்டும் புட்தான். ஊரே அப்படித்தான் பேசும். கப்பைக் குப்னு சொல்வாங்க. ஒரு காலத்துல இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் சார். தெற்கே இருக்கிறவங்க சத்தத்தை மாத்திக்கிட்டாங்க. எழுத்து நின்ன இடத்துலயே நின்னுடுச்சு.”

“அப்ப அந்தம்மா சொன்னது...”

நபீஸா ஹெட்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். நேற்றைய அழைப்பின் பதிவு.

அவர் கேட்டார்.

வயதான குரல். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வீட்டுக்காரர் அங்கே படுத்திருக்கிறார், புஸ் எத்தனை மணிக்கு? “என்னது?” என்று சகாயராஜின் குரல். புஸ், என்றது அந்தக் குரல் மறுபடி. “என்னது?” மூன்றாவது முறை குரல் தணிந்திருந்தது. அப்போது ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு.

அது தன்னுடையது என்று அவருக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று.

“பரவாயில்லப்பா, உனக்குச் சிரமம் கொடுத்துட்டேன்” என்றது வயதான குரல். போன் வைக்கப்பட்டது.

சகாயராஜ் ஹெட்போனைக் கழற்றினார். காது மடல் சூடாக இருந்தது. நபீஸாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பஸ் நேரத்தை நான் சொல்லவே இல்ல, மேடம்.”

“ஆமா.”

“நான் லண்டன் லைனுக்குப் போகல. அந்தம்மாவைக் கூப்பிடலாமா?”

நபீஸா எண்ணைத் தேடிக் கொடுத்தாள். மிஸஸ் ஹோல்ராய்ட்.

அவர் தாளைத் திருப்பி, பேச வேண்டியதை எழுதினார். மன்னிப்பு ஒரு வரி. பஸ் நேரங்கள் நான்கு வரி. இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எண்ணை அழுத்தினார்.

ஐந்தாவது முறை மணி அடித்தபோது எடுத்தார்கள். அதே குரல். சகாயராஜ் தன் பெயரைச் சொன்னார், எங்கிருந்து பேசுகிறார் என்பதைச் சொன்னார். அடுத்த வரிக்குத் தாளைப் பார்த்தார்.

அதற்குள் அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது.

“ஆமாம்ப்பா, நேத்து நான்தான் கேட்டேன்” என்றார் மிஸஸ் ஹோல்ராய்ட். பிறகு நிறுத்தி, தெரியாத சொல்லை எழுத்துக் கூட்டி வாசிப்பவர் போல, மெதுவாகச் சொன்னார்.

“ப... பஸ்.”

தயங்கிக் கேட்டார்.

“இப்ப சரியாச் சொல்றேனா?”