முள்ளம்பன்றி நின்ற இடம்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது, பிள்ளைகளே. சரியாகப் பார்த்தால் எந்தக் குளத்துக்கும் ஒரே கரைதான். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும். ஆனாலும் அந்தக் காட்டு விலங்குகள் அதைக் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தன. கிழக்கே தெளிந்த நீர், நாவல் மர நிழல். மேற்கே முழங்கால் அளவு சேறு.

கோடை பிறந்ததும் மேட்டுக்காட்டு அணியும் பள்ளக்காட்டு அணியும் கால்பந்து ஆடும். வென்ற அணியின் கூட்டத்துக்கு அந்தக் கோடை முழுவதும் கிழக்குக் கரை. தோற்ற கூட்டம் சேற்றில் இறங்கிக் குடிக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக நரியின் பள்ளக்காட்டு அணிதான் வென்றது. போன கோடையில் மேட்டுக்காட்டு முயலின் குட்டிகள் இரண்டு சேற்றில் புதைந்து, யானை வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. இந்த ஆண்டும் தோற்றால் குட்டிகளை எங்கே தண்ணீர் குடிக்க வைப்பது என்று முயலுக்குக் கவலை.

மேட்டுக்காட்டு அணிக்கு ஓடத் தெரியும், உதைக்கத் தெரியும். தடுக்கத்தான் தெரியாது. தடுப்பு வரிசையில் நின்றவை நான்கு. கீரிக்கு அவசரம்; பந்தைக் கண்டதும் பாயும். கடமானுக்குப் பெருமை, கீரி பாய்ந்தால் தானும் பாய்ந்தாக வேண்டும். உடும்புக்குப் பிடிவாதம், ஒன்றின் பின்னால் போனால் விடாது. முயலுக்குப் பயம், தனியே நிற்க அஞ்சி அந்த மூன்றின் பின்னால் ஓடும். ஆக, பந்து இருக்கும் இடத்தில் நான்கும் இருக்கும். நரி மெல்லப் பந்தை மறுபக்கம் தட்டிவிடும். அங்கே கோலைக் காக்கும் கரடி மட்டுமே இருக்கும். கரடி பெரும்பாலும் விழித்திருக்கும்.

பயிற்சியாளர் ஆள்காட்டிக் குருவி. கத்துவதில் அதற்கு இணை கிடையாது. "தள்ளித் தள்ளி நில்லுங்கள்" என்று மூன்று ஆண்டுகள் கத்திப் பார்த்தது. பிறகு ஒரு நாள் கத்துவதை விட்டுவிட்டு, முள்ளம்பன்றியை அழைத்து வந்தது.

முள்ளம்பன்றிக்குப் பொறுமை. அணியில் ஓர் இடம் உண்டா என்று ஆண்டுதோறும் வந்து கேட்கும். இல்லை என்பார்கள். சரி என்று போய்விடும்.

"இவரை வரிசைக்கு நடுவில் நிறுத்துகிறேன்," என்றது ஆள்காட்டி. "இவருடைய முள் படும் தூரத்துக்குள் யாரும் வரக் கூடாது. முள் சலசலப்பது கேட்காத தூரத்துக்கும் போகக் கூடாது. பந்தை நோக்கி ஒருவர் மட்டும் போகலாம். இவ்வளவுதான் பாடம்."

"முதல் விதியை நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம், வாத்தியாரே," என்றது உடும்பு.

ஆள்காட்டி பந்தை இடப்பக்கம் உருட்டும். முள்ளம்பன்றி இடப்பக்கம் நடக்கும். அந்தப் பக்கம் நிற்பவை நகராவிட்டால் முள் குத்தும். மறுபக்கம் நிற்பவை நகராவிட்டால் சலசலப்பு கேட்காமல் போகும், ஆள்காட்டி தலையில் வந்து கொத்தும். வலப்பக்கம் உருட்டினாலும் இதே கதைதான். முதல் வாரத்தில் கீரியின் மூக்கிலிருந்து ஏழு முட்களைப் பிடுங்கினார்கள். கடமானிலிருந்து எத்தனை, எங்கிருந்து என்பதைக் கடமான் கடைசிவரை சொல்லவில்லை.

நாற்பதாம் நாள், பந்து எந்தப் பக்கம் உருண்டாலும் ஐந்தும் ஒரே வரிசையாக, சீப்பின் பற்களைப் போல, இடைவெளி மாறாமல் நகர்ந்தன. ஆள்காட்டி அன்று ஒரு முறைகூடக் கத்தவில்லை. காடே கவலைப்பட்டு, அதற்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தது.

ஆட்டநாள் வந்தது. நரி நாற்பது நாளும் புதருக்குள்ளிருந்து பயிற்சியைப் பார்த்திருந்தது. அது நேரே நடுவர் கொக்கிடம் போய்க் கும்பிட்டது.

"ஐயா, பந்து கோரைப்புல்லால் கட்டியது. முள்ளம்பன்றியார் முதுகில் ஒரு முறை குத்திக்கொண்டால் அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் எதை உதைப்பது?"

கொக்கு ஒற்றைக்காலில் நின்று வெகுநேரம் யோசித்தது. பந்தை முதுகில் சுமக்க விதியில் இடமில்லை, ஆகவே முள்ளம்பன்றி ஆடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. முள்ளம்பன்றி சரி என்று சொல்லிவிட்டு, கரடியின் கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. மாற்று ஆள் இல்லை. மேட்டுக்காட்டு அணி பத்துப் பேரோடு ஆட இறங்கியது.

வரிசை அழகாகத்தான் நகர்ந்தது. ஆனால் நரி பந்தோடு நேரே நடுவில் ஓடியது. அங்கே யாரும் இல்லை. கடமான் ஒரு பக்கம், முயல் ஒரு பக்கம், நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அளவு வெளி. பந்து கரடியைத் தாண்டிக் கோலுக்குள் போனது. முதல் பாதி ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது.

இடைவேளையில் முயல் மேற்குக் கரைச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆள்காட்டி கத்துவதற்கு வாயைத் திறந்தது. என்ன கத்துவதென்று தெரியாமல் மூடிக்கொண்டது. அப்போது முள்ளம்பன்றி மெல்லக் கேட்டது.

"கடமானண்ணே, நடுவில் ஏன் அவ்வளவு இடம் விட்டு நிற்கிறீர்கள்?"

"அது உன் இடம்டா. நெருங்கினால் குத்துமே."

"நான்தான் அங்கே இல்லையே அண்ணே. இங்கே உட்கார்ந்திருக்கிறேன்."

நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கீரி தன் மூக்கைத் தடவிக்கொண்டது. எவரும் நம்பியதாகத் தெரியவில்லை. கடைசியில் முயல்தான் போனது. நடுவில் முதலில் ஒரு காலை வைத்தது. பிறகு இன்னொரு காலை வைத்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுவதுமாகப் போய் நின்றது.

"குத்தவில்லை," என்றது முயல்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் நரி மறுபடி நடுவை நோக்கி ஓடி வந்தது. அங்கே முயல் நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் துணை இருந்ததால் அது ஓடவில்லை. நரி திகைத்துப் பந்தை இடப்பக்கம் தள்ளியது. கீரி மட்டும் பாய்ந்தது; மற்ற மூன்றும் கீரி விட்ட இடத்தை நோக்கி நகர்ந்தன. நரி வலப்பக்கம் தள்ளியது. உடும்பு மட்டும் போனது. மற்ற மூன்றும் அந்தப் பக்கம் நகர்ந்தன. அங்கே பறிபோன பந்து, மேட்டுக்காட்டு அணியின் முன்வரிசையில் நின்ற புள்ளிமானிடம் வந்தது. புள்ளிமான் ஓடிய வேகத்தில் பள்ளக்காட்டு அணி அதன் வாலைத்தான் பார்த்தது.

ஒன்றுக்கு ஒன்று. நிழல் நீள்வதற்குள் இரண்டுக்கு ஒன்று. அந்தப் பாதி முழுவதும் கரடியிடம் ஒரு பந்துகூட வரவில்லை. அது தூங்கிவிட்டது. யாரும் எழுப்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முள்ளம்பன்றியைத் தோளில் தூக்கிக் கொண்டாட வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். யார் தோளில் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆகவே தூக்குவதை விட்டுவிட்டு, கிழக்குக் கரையில் முதல் வாய்த் தண்ணீர் அது குடிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். முள்ளம்பன்றி சரி என்றது. அது குடித்து நிமிரும்வரை அணி முழுவதும் நாவல் நிழலில் காத்து நின்றது. பிறகு முயலின் குட்டிகள் இறங்கின.

நீதி: சேர்ந்து காப்பவர்கள், பக்கத்தில் ஒருவர் இல்லாமல் போன இடத்தையும் தம் இடமாக எண்ணிக் காக்க வேண்டும்.