புதுக் காளான் அடை

மலையடிவாரக் காடு ஒன்றில், இரண்டு பாறைகளுக்கு நடுவில், கூராயி என்ற முள்ளம்பன்றி குடும்பம் நடத்தி வந்தாள். கணவன் பெயர் ஈட்டியப்பன். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் ஊசி, இளையவன் குச்சி.

கூராயி பருவம் தப்பாமல் சமைப்பாள். சித்திரையில் பலாக்கொட்டைக் கூட்டு. ஆடியில் ஆற்றோரத்துக் கீரை. மார்கழிக் குளிருக்கு மிளகு தட்டிப் போட்ட கஞ்சி. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வள்ளிக்கிழங்கு அடை. கிழங்கை வேகவைத்து மசிப்பாள். சாமை மாவோடு சேர்த்துப் பிசைவாள். மந்தார இலையில் பொதிந்து தணலுக்குள் புதைத்துவிடுவாள். இலை கருகும்போது அடை பொன்னாகச் சிவந்திருக்கும். கிளையில் தூங்கும் மரநாய்கூட மூக்கைத் தூக்கிப் பார்க்கும்.

அவளிடம் ஒரே ஒரு குறை. சாப்பிடுகிறவர்கள் வாயைத் திறந்து பாராட்டியே ஆகவேண்டும். முதல் வாய் உள்ளே போவதற்குள் "எப்படி இருக்கு?" என்பாள். "நல்லா இருக்கு" என்றால் போதாது. "நல்லா இருக்குன்னா? போன தடவையை விட நல்லா இருக்கா, இல்ல அதே மாதிரியா?" என்று அடுத்த கேள்வி வரும். ஈட்டியப்பன் வாய் நிறைய மென்றுகொண்டே கண்ணாலும் புருவத்தாலும் பாராட்டப் பழகிவிட்டான்.

அந்த வருடம் ஐப்பசி பிறந்தது. முதல் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் விருந்துக்கு வருவதாக ஈட்டியப்பனின் தங்கை முள்ளழகி சொல்லியனுப்பினாள். மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வருடத்துக்கு ஒருமுறைதான் அண்ணன் வீட்டுக்கு வருவாள்.

கூராயி மண்வெட்டிபோல இருக்கும் தன் நகங்களைக் கழுவிக்கொண்டு கிழங்கு தோண்டக் கிளம்பினாள். வழியில் பக்கத்துப் புதரில் குடியிருக்கும் தும்பை என்ற பெண் முயல் காதை ஆட்டியபடி நின்றிருந்தது.

"என்னக்கா, நாத்தனார் வர்றாங்களாமே! என்ன சமையல்?"

"வள்ளிக்கிழங்கு அடைதான்!" என்றாள் கூராயி பெருமையாக.

"ஓ... இந்த வருஷமும் அதேதானா?"

அவ்வளவுதான் சொன்னது தும்பை. பிறகு ஒரு புல்லைக் கடித்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

கூராயிக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கிறவளுக்கே தைத்தது என்றால் பாருங்கள்!

'இந்த வருஷமுமா? அப்படியென்றால் போன வருஷமே சலித்துவிட்டதா? முள்ளழகியும் மலைக்கு அந்தப் பக்கம் போய், எங்க அண்ணிக்கு அடையை விட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிச் சிரிக்கிறாளோ?'

நடக்க நடக்க அந்த நினைப்பு வளர்ந்தது. கிழங்குக் கொடியை அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. 'இதுவரை இந்தக் காட்டில் எவளும் சமைக்காத ஒன்றைச் சமைக்க வேண்டும்!' என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

காட்டின் கோடியில் ஓர் இலுப்பை மரம் விழுந்து கிடந்தது. அதன் அடியில் வரிசையாகக் காளான்கள் முளைத்திருந்தன. புற்றுமண்ணில் முளைக்கும் வெள்ளைக் காளானை அவளுக்குத் தெரியும். இது வேறு. ஆரஞ்சு நிறம். மேலே வெள்ளைப் புள்ளி. ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்த பாவாடைபோல மடிப்பு மடிப்பாக இருந்தது.

"அடடா!" என்றாள் கூராயி. மறு நொடியே அவள் வயிற்றுக்குள் என்னவோ சின்னதாக ஒன்று உருண்டது. அதை அவள் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பக்கத்தில் ஓர் ஆமை போய்க்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டு வைத்தாள்.

"ஏங்க, இந்தக் காளானை நீங்க தின்னிருக்கீங்களா?"

"இல்லையேம்மா."

"இதைத் தின்னு யாராவது செத்துப்போனதாக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"அதுவும் இல்லையே. நான் இந்தப் பக்கமே இன்னைக்குத்தான் வர்றேன்."

"அப்ப சரி! உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க!" என்று கூராயி சந்தோஷமாகக் காளான்களைப் பறிக்க ஆரம்பித்தாள். தான் என்ன சொன்னோம் என்று புரியாமல் ஆமை கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு தன் வழியே நகர்ந்தது.

மறுநாள் காலையிலிருந்தே அடுப்பு புகைந்தது. கூராயி காளானை நறுக்கினாள். இஞ்சியும் காந்தாரி மிளகாயும் இடித்துப் போட்டாள். சாமை மாவில் சேர்த்துப் பிசைந்து, இலையில் பொதிந்து, தணலில் புதைத்தாள். இஞ்சி வாசனை பாறையைத் தாண்டி, ஓடையைத் தாண்டிப் போனது. வாசனையை வைத்துச் சொன்னால், அது கூராயி செய்ததிலேயே முதல் தரம்.

உச்சி வெயிலுக்கு முள்ளழகி வந்து சேர்ந்தாள். மூன்று ஓடை கடந்து வந்ததில் முள்ளெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"அண்ணி! வாசனை வாசல்லேயே ஆளைத் தூக்குது! பசி உயிர் போகுது, முதல்ல இலையைப் போடுங்க!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இலை விரித்தாயிற்று. ஆளுக்கு ஒரு அடை ஆவி பறக்க வந்து விழுந்தது. வெட்டிய பக்கத்தில் ஆரஞ்சுத் துண்டுகள் பளபளத்தன.

முள்ளழகி ஒரு துண்டைப் பிட்டாள். வாய் வரைக்கும் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள்.

"அண்ணி, உள்ள இருக்கறது என்ன?"

"காளான்!"

"என்ன காளான்?"

"புதுக் காளான்! இந்தக் காட்டுல யாருமே இதுவரைக்கும் சமைச்சதில்லை!"



முள்ளழகி மெதுவாகத் துண்டை இலையில் வைத்தாள். "நிறம் அருமை அண்ணி! ஆனா அண்ணன் வீட்டுல அண்ணனுக்கு முன்னாடி நான் வாய் வைக்கலாமா? அண்ணே, நீங்க முதல்ல!"

ஈட்டியப்பன் திடுக்கிட்டான். "விருந்தாளி நீ இருக்க, நான் எப்படிம்மா? நம்ம குடும்பத்துல அப்படிப் பழக்கமே இல்லையே!"

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடுங்க!" என்றாள் கூராயி.

"சாப்பிடலாம்தான்," என்று ஈட்டியப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "காலையிலேருந்து கடைவாய்ப் பல்லு ஒரே குடைச்சல்."

"எலும்பையே கடிச்சு உடைக்கிற பல்லுக்கு அடை கஷ்டமா இருக்கா?"

"எலும்பைக் கடிச்சுத்தான் இந்த வலியே வந்தது!"

கூராயி நாத்தனார் பக்கம் திரும்பினாள். முள்ளழகி அவசரமாக விரல்களை மடக்கி எண்ணினாள். "ஐயோ, இன்னைக்கு என்ன கிழமை? வெள்ளியா? நான் வெள்ளிக்கிழமை விரதம் அண்ணி!"

"இப்பத்தானே பசி உயிர் போகுதுன்னே?"

"விரதம் இருந்தாப் பசிக்கத்தானே செய்யும்!"

கூராயியின் முதுகில் முட்கள் மெதுவாக எழும்பின. அந்தச் சமயம் பார்த்துத் தும்பை வாசலில் எட்டிப் பார்த்தது. வாசனை அதை இழுத்து வந்திருந்தது. கையில் தனக்கென்று ஓர் இலையையும் கொண்டு வந்திருந்தது.

"வா தும்பை!" என்று கூராயி பாய்ந்து அழைத்தாள். "இந்த வருஷமும் அதேதானான்னு கேட்டியே! இதோ பார், புதுசு! உட்காரு!"

தும்பை அடையைப் பார்த்தது. ஆரஞ்சுத் துண்டைப் பார்த்தது. சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தது. கொண்டுவந்த இலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"அடேயப்பா, என்ன அழகுக்கா! கண்ணு பட்டுடும்! ஆனா நான் இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். இங்க வரைக்கும் இருக்கு," என்று கழுத்தைத் தொட்டுக் காட்டியது.

"வாசனைக்கு ஈடே கிடையாது!" என்றான் ஈட்டியப்பன்.

"இலை பொதிஞ்ச நேர்த்தியைப் பாருங்க!" என்றாள் முள்ளழகி.

"இதை வச்சு வச்சுப் பார்க்கலாம்!" என்றது தும்பை.

கூராயி தன் வாழ்நாளில் இத்தனை பாராட்டை ஒரே நேரத்தில் கேட்டதில்லை. ஆனால் இலையில் ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடியக்காலையிலேருந்து புகையில நின்னு வெந்திருக்கேன். ஒருத்தருக்குமா மனசு வரலை?"

பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குச்சிக்கு மட்டும் அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நான் சாப்பிடறேம்மா!" என்று சொல்லி, ஒரு பெரிய துண்டை எடுத்து வாயைத் திறந்தான்.

"டேய்!"

கூராயியின் கை அவளைக் கேட்காமலே பாய்ந்தது. ஒரே தட்டு. துண்டு பறந்துபோய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டது. ஊசி கையில் வைத்திருந்ததையும் பிடுங்கி எறிந்தாள். குச்சியின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில்கூட விரலை விட்டுத் துழாவினாள்.

"முழுங்கிட்டியா? உண்மையைச் சொல்லு! முழுங்கலையே?"

"இல்லம்மா," என்று குச்சி அழ ஆரம்பித்தான்.

கூராயி பையனை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். முதுகு முழுக்க முள் என்பதால் வயிற்றோடுதான் அணைக்க முடியும். அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். முள்ளழகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் கூராயிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அண்ணி," என்றாள் முள்ளழகி மெதுவாக, "பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னா, எனக்கு மட்டும் ஆகுமா?"

கூராயியின் முதுகில் எழுந்திருந்த முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"நான் சமைச்சது. நானே முதல்ல சாப்பிட்டுக் காட்டறேன்!" என்று வீம்பாக ஒரு துண்டை எடுத்தாள். வாய் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. 

"சமைச்சவங்க... கடைசியிலதானே சாப்பிடணும்?" என்றாள் ஈனசுரத்தில்.

ஈட்டியப்பன்தான் முதலில் சிரித்தான். பல் வலியையே மறந்துவிட்டுச் சிரித்தான். முள்ளழகிக்கும் அடக்க முடியவில்லை. தும்பை வாசலில் உருண்டு உருண்டு சிரித்தது. கூராயி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது.

"பறிக்கும்போதே எனக்குத் தெரியும்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "தெரியாத பொருள்னு வயிறு சொல்லுச்சு. நாலு பேர் மெச்சணுங்கற ஆசையில நான்தான் காதுல போட்டுக்கலை. மன்னிச்சுக்க முள்ளழகி."

"நாங்களும்தான்," என்றான் ஈட்டியப்பன். "பயமா இருக்குன்னு சொல்ல வாய் வரலை. பல்லு மேல பழியைப் போட்டேன்."

"நான் வெள்ளிக்கிழமை மேல போட்டேன்," என்றாள் முள்ளழகி. "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை."

ஈட்டியப்பன் ஆழமாக ஒரு குழி தோண்டினான். அடை, இலை, இடித்த கல்லில் ஒட்டியிருந்த மிச்சம், எல்லாம் உள்ளே போயின. மேலே ஒரு பாறையையும் உருட்டி வைத்தான். கூராயி ஓடைக்குப் போய் மூன்று தடவை கை கழுவினாள். பிள்ளைகளையும் கழுவ வைத்தாள். அந்தக் காளான் விஷமா, விருந்தா என்று அந்தக் காட்டில் இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது.

வெளியே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. கிழங்கு தோண்டப் போக முடியாது. எல்லோருக்கும் வயிறு கத்தியது. தும்பையின் வயிறு எல்லோரையும் விட உரக்கக் கத்தியது.

"வயிறு முட்ட இருக்குன்னியே?" என்றாள் கூராயி.

"இப்பத்தான் இறங்குச்சுக்கா!"

முள்ளழகி சிரித்துக்கொண்டே தான் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே தினை மாவும் ஒரு மூங்கில் குழாய் நிறையத் தேனும் இருந்தன. அண்ணன் பிள்ளைகளுக்காக எடுத்து வந்தது. கூராயி தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். நாத்தனாரும் அவளுமாக மாறி மாறிக் கிளறினார்கள். கட்டி தட்டிய, கொஞ்சம் அடிப்பிடித்த ஒரு களி தயாரானது. அழகென்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

யாரும் சொல்லாமலே கூராயி ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஸ்ஸ்ஸா!" என்று துள்ளினாள். நாக்கு சுட்டுவிட்டது.

பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அடுத்த கணம் ஐந்து கைகள் சட்டியில் விழுந்தன. கூராயி வழக்கம்போல "எப்படி இருக்கு?" என்று கேட்கப் பார்த்தாள். நாக்கு ஒத்துழைக்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அங்கே யாருடைய வாயும் சும்மா இல்லை.

தன் பிள்ளைக்கு ஊட்டப் பயப்படுகிற ஒன்றை, பாராட்டுக்கு ஆசைப்பட்டு அடுத்தவர் இலையில் வைக்கக் கூடாது.