பருந்துக்குப் பயம் காட்டியவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. ஊர் தண்டையார்பேட்டை. ஆசிரமம் எங்கே என்று கேட்டால், மூன்றாவது மாடிக்கு மேலே தகரம் போட்ட மொட்டைமாடி, அதில் ஏழு கூண்டு. இருக்கிறதைத்தானே சொல்ல முடியும்?

குருவின் பெயர் செலின். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். காத்தாடி விடுகிறவர்களின் கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூல் பருந்துகளின் இறக்கையை அறுத்துவிடும். அறுபட்டு விழுந்ததை யாராவது அட்டைப்பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். செலின் தைத்து, கட்டுப்போட்டு, தேறியதைப் பறக்கவிடுவார். சீடர் நாதமுனி, மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வீட்டில் பேச ஆளில்லாமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டார்.

செலினிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. கூண்டுக்குள் போகும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கறியை வைக்க வேண்டும். பேசாமல் வந்துவிட வேண்டும்.

நாதமுனிக்கு எல்லாம் கைவந்தது, இது ஒன்றைத் தவிர. நாலாவது கூண்டுப் பருந்து, வந்த புதிதில் ஐந்து நாள் எதையும் தொடவில்லை. ஆறாவது நாள் அவர் முகத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, "சாப்பிடு கண்ணு, உனக்கு என்ன குறை?" என்று கெஞ்சி, ஈரல் துண்டை விரலால் நீட்டினார். தின்றுவிட்டது. அப்புறம் அந்த மனுஷன் நிறுத்துவாரா? செலின் கண்ணில் படாமல் நாலு மாசம் ஊட்டினார்.

இறக்கை கூடியதும் ஒரு நாள் காலையில் செலின் அதை மாடியில் விட்டுப் பார்த்தார். எழும்பியது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை போனது. திரும்பி வந்து நாதமுனியின் தோளில் உட்கார்ந்து, வாயைத் திறந்து கறி கேட்டது.

அடேயப்பா, அவர் முகத்தைப் பார்க்கணுமே! சொந்த மகன் துபாயிலிருந்து வந்து இறங்கியிருந்தால்கூட அப்படி மலர்ந்திருக்காது.

செலின் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளாண்ணே கையில ஊட்டுறீங்க?"

"வந்த வாரத்துலேர்ந்து. இல்லாட்டி செத்திருக்கும்மா."

"செத்துதான் இருக்கும். ஆனா இப்ப இதை வெளிய விட்டா? பசிச்சா எவன் தோள்லயாவது போய் உக்காரும். குழந்தை கையில பிஸ்கட்டைப் பாத்தா பாயும். விளக்குமாத்தாலயே அடிச்சுப் போட்டுடுவாங்க."

"அப்ப இங்கயே இருக்கட்டுமே?"

"எவ்ளோ நாள்?"

"அது உசுரோட இருக்கிற வரைக்கும்."

"பதினஞ்சு வருஷம் இருக்கும்ண்ணே. இந்தத் தகரத்துக்குக் கீழ."

நாதமுனி நிமிர்ந்து தகரத்தைப் பார்த்தார். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே அவரால் அரைமணி நிற்க முடியாது.

செலின் உள்ளே போய் ஒரு அலுமினியத் தட்டும் கரண்டியும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இனிமே மூஞ்சியை மூடாதீங்க. தட்டைத் தட்டி, தண்ணியை அடிச்சு விரட்டுங்க. அந்த மூஞ்சியைப் பாத்தா அது ஓடணும். கறியை நான் மறைவா போட்டுக்கறேன்."

"இதை நீங்க பண்ணக்கூடாதாம்மா?"

"என்னை அதுக்கு எப்பவுமே பிடிக்காது."

நாதமுனி உள்ளே போய்த் தட்டைத் தட்டினார். தட்டு வந்தால் சாப்பாடு என்று நினைத்து அது கிட்டே வந்தது. கோலத்தைப் பாருங்கள்! தண்ணீரை வாரி அடித்தார். சிலிர்த்துக்கொண்டு மறுபடியும் வாயைத் திறந்தது. மனுஷன் வெளியே வந்து குழாயடியில் அழுதார். கண் கலங்கினார் என்று சொல்லவில்லை, மூக்கு ஒழுக அழுதார்.

அதற்குள் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாச்சு. வானம் முழுக்கக் காத்தாடி. ஒரே நாளில் ஒன்பது பெட்டி வந்தது, பிழைத்தது நாலு. செலின் தைத்துக்கொண்டே நின்றவாக்கில் தூங்கினார்.

விரட்ட ஆரம்பித்த ஐந்தாம் நாள் நாதமுனி தட்டை வீசி எறிந்தார்.

"என்னால ஆகலம்மா. உடம்பும் முடியல, மனசும் முடியல. ஊட்டி வளத்த கை இது. இதே கையால விரட்டணும்னா... நான் அதுக்கு யாருன்னு கடைசி வரைக்கும் அதுக்குத் தெரியாமலே போயிடுமே?"

செலின் அப்போது வந்திருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த பருந்து அவர் மணிக்கட்டில் நகத்தை இறக்கியது. ரத்தம் சொட்டியது. அவர் கையை உதறவில்லை. நகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

"பரவாயில்ல, தெம்பா இருக்கு" என்றார். "ஊசியை எடுங்கண்ணே."

நாதமுனி ஊசியை எடுத்துக் கொடுத்தார். பிறகு, வீசிய தட்டைத் தேடிக்கொண்டு போனார். அது நசுங்கிக் கிடந்தது. பரவாயில்லை, சத்தம் வந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் கதவைத் திறந்ததுமே அது மூலைக்குப் பாய்ந்து, இறகு சிலிர்க்கக் கத்தியது. அவர் தட்டைத் தட்டவே இல்லை. அப்படியே திரும்பி வந்தார்.

"பயப்படுதும்மா" என்றார்.

அதன் பிறகு இரண்டு வாரம் இருவரும் அதன் கண்ணிலேயே படவில்லை. ஒரு காலையில் செலின் மறைவில் நின்றபடி கயிற்றை இழுத்துக் கூண்டைத் திறந்தார். பருந்து வெளியே வந்தது. கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பறந்தது. நாலு மாடி உயரம் போயிருக்கும், எங்கிருந்தோ ஆறேழு காக்கை கிளம்பி வந்து சுற்றி வளைத்துக்கொண்டன. ஒன்று வாலைக் கொத்தியது. பருந்து சரிந்தது, மறுபடி எழும்பியது.

நாதமுனி மறைவை விட்டு ஓடிவந்து கையைத் தூக்கினார்.

"ஐயோ, கொத்துதும்மா! கூண்டுல கெடந்ததுக்கு என்ன தெரியும்? என்னைப் பாத்தா இறங்கி வந்தாலும் வரும்மா. கூப்பிடட்டுமா?"

செலின் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாத அசதி அவருக்கு.

"விரட்டட்டும்ண்ணே. அது பருந்துன்னு காக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு."