கோரைக்குழி பிடிச்சு வச்ச பேச்சு

ஒரு ஊர்ல மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. ஊர்த் தண்ணியைத் தெளிய வைக்கிறதுதான் அவ வேலை.

குளிச்ச தண்ணி, துவைச்ச தண்ணி, மாடு கழுவின தண்ணி எல்லாம் ஒரே வாய்க்கால்ல ஓடிவரும். மொதக் குழியில கூழாங்கல்லு, ரெண்டாங் குழியில மணலு, மூணாங் குழியில ஆளுயரக் கோரை. மூணையும் தாண்டித்தான் குடிக்கிற ஊருணிக்குப் போவும். அமாவாசைக்கு அமாவாசை உச்சி வேளையில, மூணாங் குழிக்குச் சொந்தக்காரங்க ஊர் பாக்க ஊருணியில மொதக் கை தண்ணியைக் குடிக்கணும். அப்புறந்தான் மத்தவங்க குடத்தை முக்கணும். அது அந்த ஊர் வழக்கம்.

"கோரை அழுக்கை மட்டுமா பிடிக்குது? கழுவும்போது பேசுற பேச்சையும் சேத்துல்ல பிடிச்சு வச்சிருக்கு"ன்னு மாடத்தி சொல்லுவா. ஊரே சிரிச்சுது. நீங்களும் சிரிக்கிறீங்க, சிரிங்க, இருக்கு உங்களுக்கு.

நாட்டாமை சடையப்பனுக்கு மூணாங் குழியில படிஞ்ச கறுப்புச் சேத்து மேல கண்ணு, வாழைக்கு அது நல்ல உரம். "இனிமே இது என் குழி"ன்னு சொல்லி, கோரையை வெட்டி எறிஞ்சுட்டு வாழை வச்சாரு. வாய்க்காலை ஓரமா ஒதுக்கி நேரா ஊருணியில விட்டாரு. மாடத்தி கால்ல விழுந்து கெஞ்சினா, மனுசன் கேக்கல.

மொத நாளு, ஒரு வீட்டுக் குடத்துக்குள்ள குழந்தை அழுதுச்சு. எட்டிப் பாத்தா வெறும் தண்ணி. ரெண்டாம் நாளு, இன்னொரு வீட்டுச் செம்புக்குள்ள ஒரு மாமியா மருமகளைத் திட்டுனா. அந்த மாமியா செத்து ஏழு வருசமாச்சு! மூணாம் நாளு, உச்சி வெயில்ல ஊருணி முழுக்க முணுமுணுன்னு பேசுச்சு, ஒரு காக்கா கூடக் கிட்ட வரல. அதோட வீட்டுக்கு வீடு பேதி, காய்ச்சலு. மாடத்தியோட ஒத்தை மக செங்கமலமும் நடுங்கிக்கிட்டுக் கிடந்தா.

நாட்டாமை ஊரைக் கூட்டுனாரு. "இவதான் எதையோ ஏவி விட்டிருக்கா. பொழுது சாயறதுக்குள்ள தாயும் மகளும் ஊரை விட்டுப் போயிரணும்."

"காய்ச்சல்ல கிடக்குற புள்ளையை நான் எங்கய்யா தூக்கிட்டுப் போவேன்?"ன்னு மாடத்தி அழுதா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டா, "சரி, போறேன். இன்னிக்கு அமாவாசை. மூணாங் குழி இப்ப யாரோடதுய்யா?"

"என்னோடதுதான். அதுல உனக்கென்ன?"

"அப்ப மொதக் கை தண்ணி நீங்கதான் குடிக்கணும்."

ஊரே அவரைப் பாத்துச்சு. மறுக்க முடியுமா? அள்ளுனாரு, குடிச்சாரு. வாய் மூடித்தான் இருக்கு, ஆனா வயித்துக்குள்ளேருந்து அவரு குரலே கேக்குது: "ஊரு எந்தக் கழிவைக் குடிச்சா எனக்கென்ன? என் வாழை குலை தள்ளுனா போதும்!" கோரை வெட்டின அன்னிக்கு, வாய்க்கால்ல சேத்துக் காலைக் கழுவிக்கிட்டே அவரு சொன்னது அது. காதைப் பொத்துனாரு, நிக்கல. வயித்தைப் பொத்துனாரு, நிக்கல. ஓடிப் பாத்தாரு, அதுவும் கூடவே ஓடுச்சு.

ஊரு மாடத்தியைப் போக விடல. நாட்டாமையே வாழையைப் பிடுங்கி, வாய்க்காலைப் பழையபடி குழிக்குத் திருப்பி, அவரே கோரை நட்டாரு. கோரை ஆளுயரம் வளந்த அன்னிக்குத்தான் குரல் நின்னுச்சு. அதுவரைக்கும் அடுத்த ஊர்க் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடுத்துக் குடுத்து, மாடத்தி மகளைப் பிழைக்க வச்சா. மொதக் கை தண்ணி மட்டும் சாகுற வரைக்கும் நாட்டாமைக்குத்தான்.

இன்னிக்கும் உச்சி வேளையில காத்தே இல்லாம அந்தக் கோரை அசையும். கிட்டப் போயிக் காது குடுத்தா உங்க குரலும் அதுல கேக்கும். சாயங்காலம் கை கழுவும்போது யாரை என்ன சொன்னீங்க, நினைச்சுப் பாத்துக்கிட்டே படுங்க.

தண்ணியும் தெளிஞ்சுது, கதையும் வடிஞ்சுது.