புகைக்குச் சிறை

முன்னொரு காலத்தில், தை அறுவடை முடிந்த மறு செவ்வாய்க்கிழமை காலையில், ஓர் அரசரின் இடது கண்ணில் புகை புகுந்தது.

அந்த நாட்டில் அதற்கு முன்பும் எத்தனையோ கண்களில் புகை புகுந்திருக்கிறது. அடுப்பூதும் பெண்களின் கண்களில் தினமும் புகுந்தது. அரசர் கண்ணில் புகுந்தது அதுவே முதல் தடவை. ஆகவே அன்றுதான் அது குற்றமாயிற்று.

அரசர் அப்போது மேல்மாடத்தில் நின்று தம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரண்மனையை ஒட்டிய அந்த வயலில் ஒரு துரும்பும் கிடக்கக் கூடாது என்பது அவர் ஆசை. வயல் அதிகாரி பெருநல்லார் வருடம் தவறாமல் அதை நிறைவேற்றினார். அறுத்த கையோடு தாளுக்கும் வைக்கோலுக்கும் தீ வைப்பார். பிறகு மண் மாவாகும்வரை உழுவார். பிறகு பெருக்குவார். ஆம், விளக்குமாற்றால்.

வயல் கண்ணாடி போல் இருந்தது. விளைச்சலும் கண்ணாடி போல்தான் இருந்தது. இந்த வரப்பில் நின்றால் பயிரை ஊடுருவி அந்த வரப்பு தெரியும். இதை யாரும் அரசரிடம் சொல்லவில்லை. வயல் சுத்தத்துக்காகப் பெருநல்லாரின் கைகளில் இரண்டு தங்கக் காப்புகள் ஏறியிருந்தன.

சபை கூடியது.

“என் கண்ணில் புகுந்தது யார்?” என்றார் அரசர்.

“புகை, அரசே,” என்றார் பெருநல்லார். தீயைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

“கைது செய்யுங்கள்.”

வீரர்கள் வலையோடும் சாக்கோடும் ஓடினார்கள். கரி பூசிய முகங்களோடு திரும்பினார்கள். பிடித்து வந்தது இருமலை மட்டுந்தான்.

பெருநல்லார் மெல்ல எழுந்தார். “இது வீரர்களால் ஆகாது, அரசே. அறிவாளியால் ஆகும். நம் வேம்பன் எதற்கு இருக்கிறான்?”

வேம்பன் அந்தச் சபையின் விகடன். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. போன மாதம் அவன், “அரசர் வயலில் திருட்டே நடக்காது, திருடன் ஒளிய அங்கே பயிர் இல்லை,” என்று சொல்லிவிட்டான். அரசர் சிரித்தார். பெருநல்லார் சிரிக்கவில்லை. அன்று முதல் அவருக்கு வேம்பனின் அறிவு மேல் பெரிய மரியாதை.

“நல்லது,” என்றார் அரசர். “வேம்பா, அந்தப் புகையைப் பிடி. பிடித்து என் வயலிலேயே குழி தோண்டிப் புதை. ஆவணிக்குள் நடக்காவிட்டால், அதே குழியில் உன்னைப் புதைப்பேன்.”

“உத்தரவு, அரசே. வயலை என்னிடம் விடவேண்டும். அதில் வேறு யாரும் தீ வைக்கக் கூடாது. ஏர் பூட்டக் கூடாது.”

“விட்டேன்.”

குழியை மட்டும் பெருநல்லார் அன்றே வெட்ட வைத்தார். வேம்பனை நிறுத்தி, கயிற்றால் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

“தோள்பட்டைக்கு இடம் போதுமா, தம்பி?”

“கொஞ்சம் தாராளமாகவே வெட்டுங்கள், ஐயா. உங்கள் உடம்புக்கும் பொருந்தட்டும்.”

வாய்தான் அப்படிப் பேசியது. வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். 

“என்ன சேதி?” என்றாள் அவன் மனைவி நாச்சி.

சொன்னான்.

“புகையைப் பிடிக்கிறேன்னு ஒத்துக்கிட்டு வந்தீராக்கும்! ஏன், சூரியனைச் சுருட்டிப் பாய் மாதிரி வைக்கிறேன்னும் சொல்லிட்டு வர்றதுதானே?”

“சிரிக்காதே நாச்சி. குழி வெட்டிட்டான்.”

“நான் எங்க சிரிச்சேன்? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும். அந்தப் புகை நேத்து வரைக்கும் எங்க இருந்துச்சு?”

“எங்கே இருந்துச்சு?”

“வைக்கோலுக்குள்ளதானே கெடந்துச்சு. யார் கண்ணையும் கரிக்காம, வாயை மூடிக்கிட்டு. அப்ப அதைப் புடிச்சு உள்ள வச்சவன் யாரு? அவனைப் போய்க் கூப்பிடும். சோறு ஆறுது.”

“பயிர்தான்!” என்றான் வேம்பன். பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டான்.

மறுநாள் அவன் அரசர் வயலில், மண்ணோடு மடக்கி உரமாக்கும் செடியான தக்கைப்பூண்டை விதைத்தான். முளைத்தது. முளைத்ததோடு சரி, மஞ்சளாக நின்றது. மண்ணைக் கிளறினான். சாம்பலும் தூளுமாக வந்தது. எறும்பு இல்லை, பூரான் இல்லை, ஒரு மண்புழு இல்லை. ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே நின்று, யாரோ துரத்துவதுபோல் வாய்க்காலுக்கு ஓடியது. வருடம் தவறாமல் வீட்டைக் கொளுத்தி, கூரையைப் பிரித்து, வாசலையும் பெருக்கினால் யார்தான் குடியிருப்பார்கள்?

தன் வீட்டு வாழைத் தோட்டத்து ஈரமண்ணைப் புழுவோடு கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினான். சாணமும் சருகும் கொட்டினான். ஊரில் யார் வைக்கோல் தந்தாலும் வாங்கிவந்து மண்ணுக்குப் போர்த்தினான்.

பெருநல்லார் அரசரிடம் ஓடினார். “அரசே! உங்கள் வயலில் அவன் புழு விடுகிறான்!”

அரசர் மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்புக்கு வந்தார். “வேம்பா, இது என்ன அசிங்கம்?”

“சிறைக்காவலர்கள், அரசே. கைதி மேலே கிடந்தால் கீழே இழுத்துக்கொண்டு போவார்கள். சம்பளம் கேட்கமாட்டார்கள்.”

“நம்பகமானவர்களா?”

“லஞ்சம் வாங்க அவர்களுக்குக் கையே கிடையாது.”

அரசர் பெருநல்லாரின் காப்புகளை ஒருமுறை பார்த்தார். திரும்பிப் போனார்.

முதல் விதைப்பு பாதி தேறியது. அதை மடக்கி மண்ணிலேயே விட்டு, மறுபடி விதைத்தான். கோடைமழை பெய்தது. இந்தத் தடவை தண்ணீர் ஓடவில்லை. உள்ளே இறங்கி உட்கார்ந்தது. தக்கைப்பூண்டு இடுப்பளவு எழுந்தது. பூ எடுத்ததும் ஒரே ஒரு கட்டு மட்டும் அறுத்துத் தன் வீட்டுப் பரணில் காயப்போட்டான். மற்றதையெல்லாம் மிதித்து, மேலாக ஓர் உழவுச் சால் ஓட்டி மண்ணுக்குள் அமுக்கினான். வைக்கோலால் மூடினான். புழுக்கள் வேலைக்கு வந்தன.

“கைதி உள்ளே, அரசே,” என்று சபையில் அறிவித்தான்.

நாளை காலை வயலில் விசாரணை என்றார் அரசர். பெருநல்லாருக்கு அந்த ஒரு பகல் போதுமானதாக இருந்தது. ஏர் பூட்டத் தடை இருந்தாலும், சிறையைச் சோதிப்பது அதிகாரியின் கடமை அல்லவா? இருந்த ஏர்களையெல்லாம் வயலில் இறக்கினார். போர்வை வைக்கோலை வாரி எறிந்தார். ஆழ உழுதார், குறுக்கே உழுதார், கட்டிகளை உடைத்தார், மறுபடி உழுதார். எங்கும் புகையைக் காணோம். அழுகிய தழையும் புழுவும்தான் இருந்தன. எங்கிருந்தோ கொக்குகளும் மைனாக்களும் வந்து இறங்கின. அவற்றுக்கு அப்படியொரு அரச விருந்து அதற்கு முன் கிடைத்ததில்லை.

காலையில் வேம்பன் வயலைப் பார்த்தான். அவனுக்கு நகைச்சுவை ஒன்றும் தோன்றவில்லை.

“சிறை காலி, அரசே!” என்றார் பெருநல்லார். “ஒரு முழம் விடாமல் தோண்டிவிட்டேன். புகையுமில்லை, புண்ணாக்குமில்லை.”

“வேம்பா,” என்றார் அரசர், “குழியில் இறங்கு.”

வேம்பன் குழியின் விளிம்புவரை நடந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். தோள்பட்டைக்குத் தாராளமாகவே இடம் இருந்தது.

“இறங்குகிறேன், அரசே. அதற்கு முன் குற்றவாளியைத் தாங்கள் அடையாளம் காட்டவேண்டும். தவறான ஆளை அடைத்தேன் என்ற பழியோடு நான் சாகக் கூடாது.”

“அவன்தான் இல்லையே!”

“ஒருவனை மட்டும் வீட்டில் வைத்திருக்கிறேன்.”

நாச்சி பரணில் காய்ந்த தழைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரசரின் காலடியில் வைத்தாள். வேம்பன் தீ மூட்டினான். காற்று அரண்மனைப் பக்கம் வீசியது.

“ஐயோ!” அரசர் இடது கண்ணைப் பொத்தினார். “அதே புகை! அதே கரிப்பு!”

“சரியாகப் பாருங்கள், அரசே. வேறு யாராவதாக இருக்கப்போகிறது.”

“அவனேதான்! அணை, அணை!”

வேம்பன் அணைத்தான். “வானத்தில் கரைந்து திரிந்தவனை இலை தின்றது. தின்று தண்டில் வைத்தது. தண்டோடு அவனை மண்ணுக்குள் அடைத்தேன். மேலே கூரை போட்டேன், உள்ளே காவல் வைத்தேன். இனி வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து மண்ணைக் கறுப்பாக்கி, உங்கள் நெல்லுக்கு ஊழியம் செய்திருப்பான். நேற்று யாரோ கூரையைப் பிரித்து, சுவரை இடித்து, காவலர்களைக் கொக்குக்குப் போட்டிருக்கிறார்கள்.”

“பொய்!” என்றார் பெருநல்லார். “நான் பகல் முழுக்க அங்கேயே நின்றேன். எவனும் வெளியே போனதை நான் பார்க்கவில்லை!”

“தப்பிக்கிற கைதி உங்களிடம் சொல்லிக்கொண்டா போவான், ஐயா?”

அரசர் ஒற்றைக் கண்ணால் பெருநல்லாரைப் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். மறுபடி பெருநல்லாரைப் பார்த்தார்; அளவு பொருந்தியது. சிரிப்பு வந்துவிட்டது. இருமலும் சேர்ந்து வந்தது. இருமியும் சிரித்தும் முடித்தபோது இரண்டு காப்புகளும் வேம்பனின் கைக்கு மாறியிருந்தன. வயலும் அவன் பொறுப்புக்கு மாறியிருந்தது.

“வெட்டிய குழி வீணாகக் கூடாதே,” என்றார் அரசர். “இவரை இறக்கிவிடலாமா?”

பெருநல்லார் குழியை விட்டு இரண்டடி பின்வாங்கினார்.

“வேண்டாம், அரசே,” என்றான் வேம்பன். “இவரைப் புதைத்தால் மண் கெட்டுவிடும். குழியில் சாணமும் சருகும் கொட்டினால் போதும். மடிந்த காவலர்களுக்குப் பதிலாகப் புதியவர்களை இவர் கையாலேயே பொறுக்கிக்கொண்டு வந்து விடட்டும்.”

“அப்படியே ஆகட்டும்.”

நாச்சி கூடையைப் பெருநல்லாரின் தலையில் வைத்தாள். “பாத்துப் புடியும், ஐயா. வழுக்கும்.”

அரசர் மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அரண்மனைப் பக்கம் திரும்பினார். வேம்பன் பணிவாகக் குனிந்து வழிவிட்டான்.

“அரசே, ஒரே ஒரு சந்தேகம். தை மாதம் இந்தப் புகைக் கைதி வைக்கோலுக்குள் சும்மாதான் கிடந்தான். வயலில் ஒரு துரும்பும் கிடக்கக் கூடாதென்று, முதன்முதலில் இவனைத் திறந்துவிடச் சொன்னது யார்?”