நிறைவேற்றப்பட்ட ஓட்டை

தை மாதம் இரண்டாம் தேதி, காலை ஏழு மணி. கோரைக்குளத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நாற்பத்தேழு பேர். அதில் தவளைகள் முப்பத்தொன்பது. தலைமை தாங்கியது அசையாமணி என்ற ஆமை.

அசையாமணியின் வளை இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. முந்தின நாளே புறப்பட்டுவிட்டதால் நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

செயலாளர், நெடுங்காலன் என்ற கொக்கு. ஆறு வருடமாக அதுதான் செயலாளர். காரணம் உண்டு. கோரைக்குளத்தில் கூட்ட நடவடிக்கைகளை ஈரச் சேற்றில்தான் எழுதிவைப்பார்கள். கொக்கின் கால்தடம் மட்டுமே பார்ப்பதற்கு எழுத்து மாதிரி விழும். மற்றவர்கள் மிதித்தால் வெறும் பள்ளம்தான்.

கூட்டத்துக்கு இரண்டே வேலை. போன வருடம் என்ன செய்தோம் என்று பார்க்க வேண்டும். வருகிற வருடம் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும்.

நெடுங்காலன் கழுத்தை நீட்டி, சேற்றைப் பார்த்து வாசிக்கத் தொடங்கியது.

"சென்ற ஆண்டில் நமது குளம் பதினான்கு தீர்மானங்களை நிறைவேற்றியது!"

தவளைகள் வயிற்றில் தட்டி ஆரவாரம் செய்தன.

"தாமரை இலையில் ஏறுகிறவர்கள் வரிசையில் வர வேண்டும் என்ற தீர்மானம், நிறைவேற்றப்பட்டது! மழை ஐப்பசியிலேயே பெய்ய வேண்டும் என்ற தீர்மானம், நிறைவேற்றப்பட்டது!"

"மழை கார்த்திகையிலதானே வந்துச்சு?" என்றது ஒரு தவளை.

"மழைதான் தாமதம். தீர்மானம் தாமதமில்லை" என்றது நெடுங்காலன்.

அந்தத் தவளைக்குத் திருப்தியாக இருந்தது.

"கீழ்க்கரையில் உள்ள ஓட்டையை அடைக்க வேண்டும் என்ற தீர்மானம், ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது!"

பலத்த ஆரவாரம். அதற்கு நடுவே தண்ணீரிலிருந்து ஒரு தலை எழும்பியது. செவத்தி என்ற விரால் மீன்.

"தலைவரே! ஒரு சந்தேகம்."

"சந்தேகங்கள் கடைசியில்" என்றது அசையாமணி.

"கடைசி வரைக்கும் என் குஞ்சுங்க இருக்காது, தலைவரே!"

செவத்தி பத்து நாளைக்கு முன்புதான் குஞ்சு பொரித்திருந்தது. செக்கச்செவேலென்று ஒரே திரளாக நீந்துகிற குஞ்சுகள். முதல் நாள் அந்தத் திரள் பூசணிக்காய் அளவு இருந்தது. இன்று எலுமிச்சம்பழ அளவு. மீதி எல்லாம் கீழ்க்கரை ஓட்டை வழியாகத் தண்ணீரோடு போய்விட்டன. செவத்தி அவற்றைக் கோரைப் புல்லுக்குள் ஒதுக்கிப் பார்த்தது. ஓட்டை இழுக்கிற இழுப்புக்கு அவற்றால் நிற்க முடியவில்லை.

"ஓட்டை அப்படியே இருக்கு, தலைவரே! கோரையோட வேர் வெளியில தெரியுது. இப்படியே போனா பங்குனியில குளத்துல சேறுதான் இருக்கும்."

"எந்த ஓட்டை?"

"கீழ்க்கரை ஓட்டை!"

"அது நிறைவேறிவிட்டதே!"

"தீர்மானம் நிறைவேறுச்சு. ஓட்டை நிறையலையே!"

அசையாமணி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோசித்தது. கூட்டம் காத்திருந்தது. இரண்டு தவளைகள் தூங்கிவிட்டன. தலை மறுபடியும் வெளியே வந்தது.

"செயலாளரே, நிறைவேற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறதா?"

"இதோ, தாங்களே பார்க்கலாம்."

அசையாமணி சேற்றைக் குனிந்து பார்த்தது. மூன்று விரல் தடங்கள் வரிசையாக இருந்தன.

"மிகத் தெளிவாக இருக்கிறது" என்றது.

"அப்படின்னா தண்ணி ஏன் வெளியே போகுது?" என்று கேட்டது செவத்தி.

"அது தண்ணீரிடம் கேட்க வேண்டிய கேள்வி" என்றது நெடுங்காலன்.

முன்வரிசைத் தவளை ஒன்று திரும்பிப் பார்த்தது. "செவத்தியக்கா, நிறைவேறின ஓட்டையில எப்படிக்கா குஞ்சு போகும்? வீட்டுல நல்லாத் தேடிப் பாத்தியா?"

"நீதான் வந்து ஒரு எட்டு எட்டிப் பாரேன், தம்பி!"

"கூட்டம் நடக்கறப்ப எழுந்து போகக் கூடாதுக்கா. அதுக்குத் தீர்மானம் இருக்கு."

"அதுவும் நிறைவேறிடுச்சு!" என்றது பக்கத்துத் தவளை, பெருமையோடு.

நெடுங்காலன் தொண்டையைச் செருமியது. "உறுப்பினர்கள் கவலைப்பட வேண்டாம். தினமும் விடிந்ததும் நானே கீழ்க்கரைக்குப் போய் மேற்பார்வை செய்கிறேன்."

"எந்தப் பக்கம் நின்னு?" என்றது செவத்தி.

"கரைக்கு வெளிப்பக்கம்."

"தண்ணி வந்து விழுற இடத்துலயா?"

"அங்கே நின்றால்தான் நன்றாகத் தெரியும்."

"வாயைத் திறந்துக்கிட்டா, மூடிக்கிட்டா?"

"தலைவரே! தனிப்பட்ட கேள்விகளை அனுமதிக்கக் கூடாது!"

அசையாமணி அனுமதிக்கவில்லை. செயலாளர் பத்து நாளில் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். மேற்பார்வை உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது வருகிற வருடம்.

"அடைக்கப்பட்ட ஓட்டைக்கு ஓராண்டு நிறைவு விழா எடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்!" என்றது நெடுங்காலன்.

"வழிமொழிகிறேன்!" என்றன முப்பத்தொன்பது தவளைகளும். தவளைகளுக்குக் கத்துவதென்பதே வழிமொழிவதுதான். அடைமழையில் விடிய விடிய வழிமொழியும்.

"நிறைவேற்றப்பட்டது!" என்றபடி நெடுங்காலன் சேற்றில் நாலு மிதி மிதித்தது.

அப்போது குளத்தின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தண்ணீர் குடிக்க வந்த எருமை.

"ஏம்ப்பா, அந்த ஓட்டை எந்தப் பக்கம்? நல்ல சேறா இருந்தா சொல்லுங்க. படுக்க இடம் தேடிக்கிட்டு இருக்கேன்."

"வெளியாள் கூட்டத்தில் பேசக் கூடாது! இருக்கவும் கூடாது!" என்று கத்தியது நெடுங்காலன்.

"வெளியாள்! வெளியாள்!" என்றன தவளைகள்.

எருமை தள்ளிப்போய் நின்றுகொண்டு காதை ஆட்டியது.

செவத்தி எருமையைப் பார்த்தது. கொக்கைப் பார்த்தது. சேற்றில் இருந்த தடங்களைப் பார்த்தது. பிறகு மிகவும் பணிவாகக் கேட்டது.

"தலைவரே, வருகிற வருஷத்துக்கு நானும் ஒரு தீர்மானம் கொண்டுவரலாமா?"

"தாராளமாக."

"செயலாளர் நெடுங்காலன் அவர்கள், இந்த நிமிஷம் முதல் கீழ்க்கரை ஓட்டைக்குள்ள தன் உடம்பைத் திணிச்சு அடைச்சுக்கிட்டு நிற்பார்னு முன்மொழியறேன்."

அது சொல்லி முடிப்பதற்குள் "வழிமொழிகிறேன்!" என்று முப்பத்தொன்பது குரல் எழும்பியது.

நெடுங்காலனுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருடத்தில் எத்தனையோ தீர்மானம் பார்த்தாயிற்று. இது இன்னொன்று. "நிறைவேற்றப்பட்டது!" என்று அறிவித்துவிட்டு, சேற்றில் அழுத்தமாக மிதித்தது.

"மகிழ்ச்சி" என்றது அசையாமணி. "அடுத்து நன்றியுரை. வழக்கமாகச் செயலாளர் சொல்வார். அவர் ஓட்டையில் நிற்பதால் வேறு யாராவது சொல்லலாம்."

"தலைவரே, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்றது நெடுங்காலன்.

"யார் அது?"

"நான்தான், நெடுங்காலன்!"

"நெடுங்காலன் ஓட்டையில் நிற்கிறார். நிறைவேற்றப்பட்டது என்று இப்போதுதான் வாசிக்கப்பட்டது. என் காதால் கேட்டேன்."

"கண்ணால் பாருங்கள்!"

அசையாமணி பார்த்தது. "ஒரு கொக்கு தெரிகிறது. யாரப்பா நீ?"

"வெளியாள்! வெளியாள்!" என்றன தவளைகள்.

"ஐயோ, நான்தான் உங்கள் செயலாளர்!"

"எங்க அண்ணன் பேரைச் சொல்லி ஏமாத்தப் பாக்கறியா?" என்று ஒரு தவளை எகிறியது. "அவரு இந்தக் குளிருல ஓட்டைக்குள்ள நிக்கறாரு. நீ இங்க வந்து நாடகம் போடறே!"

"பாவம் அண்ணன். சாப்பிட்டாரோ இல்லையோ" என்று இன்னொன்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அண்ணனுக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம்!"

"வழிமொழிகிறேன்!"

அசையாமணி கண்டிப்பாகச் சொன்னது. "வெளியாள் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இன்றுமுதல் எங்கள் குளத்தில் மீன் பிடிக்கவும் கூடாது. அந்த உரிமை செயலாளருக்கு மட்டும்தான். அவர் ஓட்டையில் இருக்கிறார்."

நெடுங்காலனின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. மீன் என்றதும் அதற்குப் பொறுமை போய்விட்டது.

"முட்டாள்களே! தீர்மானம் நிறைவேறினால் காரியம் நடந்துவிட்டது என்று அர்த்தமா? அது வெறும் வார்த்தை! நான் சொன்னேன், நீங்கள் கத்தினீர்கள், அவ்வளவுதான்! ஒன்றும் நடக்கவில்லை!"



"காலையிலேர்ந்து நான் சொல்றது இதைத்தான், தலைவரே" என்றது செவத்தி.

அசையாமணியின் தலை உள்ளே போனது. இந்த முறை யாரும் தூங்கவில்லை.

"அப்போ, மழைத் தீர்மானம்?" என்று ஒரு தவளை மெதுவாகக் கேட்டது.

"தாமரை இலை வரிசை? நான் ஒரு வருஷமா வரிசையில நின்னேனே! எனக்கு முன்னாடி யாருமே இல்லையேன்னு அப்பவே நினைச்சேன்!"

தலை வெளியே வந்தது. "போய்ப் பார்த்துவிடுவோம்" என்றது அசையாமணி. சொல்லிவிட்டு முன்னங்காலை எடுத்து வைத்தது.

தவளைகள் பின்னால் வரிசையாக நின்றன. தலைவரை யாரும் முந்தக் கூடாது என்பது ஏழாம் தீர்மானம். கொஞ்ச நேரம் கழித்து அசையாமணி அடுத்த காலை எடுத்தது.

"ஏழாம் தீர்மானமும் வெறும் வார்த்தைதானே?" என்றது கடைசித் தவளை. ஒரே தாவல். அதைப் பார்த்து மற்ற முப்பத்தெட்டும் தாவின.

கீழ்க்கரையில் ஓட்டை இருந்தது. பனங்காய் நுழைகிற அளவு இருந்தது. வெளிப்பக்கம் தண்ணீர் விழுந்து சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. குட்டையைச் சுற்றிலும் கொக்கின் கால்தடம். பத்து நாள் மேற்பார்வையும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கத் தவளைகளுக்குச் செயலாளர் தேவைப்படவில்லை.

"இதை அடைக்க உடனே ஒரு குழு போடணும்!" என்றது முன்வரிசைத் தவளை.

"வழிமொழி..." என்று தொடங்கிய தவளை, செவத்தியின் பார்வையைக் கண்டு வாயை மூடிக்கொண்டது.

தண்ணீர் வழியாகவே அங்கே வந்திருந்த செவத்தி, திரும்பி நீந்தி மூலையில் நின்ற எருமையிடம் போனது.

"அண்ணே, படுக்க இடம் கேட்டீங்களே. கீழ்க்கரையோரம் சேறு ரொம்ப நல்லா இருக்கு."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல, தாயி!"

எருமை கரையோரமாகவே நடந்து போனது. போகிற வழியில் ஆறு வருட நடவடிக்கைகளையும் மிதித்துக்கொண்டு போனது. கீழ்க்கரைக்குப் போய், தண்ணீரில் இறங்கி, ஓட்டைமேல் முதுகைச் சாய்த்துப் படுத்தது. இரண்டு முறை புரண்டது. கரைச் சேறு சரிந்து ஓட்டைக்குள் இறங்கியது. இழுப்பு நின்றது. எலுமிச்சம்பழ அளவுத் திரள் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றது.

"இதுக்கா காலையிலேர்ந்து கத்திக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு எருமை கண்ணை மூடிக்கொண்டது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அது அங்கேயே வந்து படுத்தது. தவளைகள் களிமண் கொண்டுவந்து போட்டன. எருமை மிதித்தது. கரை இறுகியது.

நெடுங்காலன் பக்கத்துக் குளத்துக்குக் குடிபோய்விட்டது. அங்கே அனுபவமுள்ள செயலாளர் ஒருவர் தேவைப்பட்டார்.

தை மாதம் ஒன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்கு, அசையாமணி கீழ்க்கரைக்கு வந்து சேர்ந்தது. பார்ப்பதற்கு அங்கே ஓட்டை இல்லை.

தீர்மானம் நிறைவேறியதற்குக் கைதட்டும் முன், ஓட்டை நிறைந்ததா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.